பூண்டுப் பாட்டின் கடைசி டிராக்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. மதுரை சிம்மக்கல் பக்கம், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில், ஜன்னல் இல்லாத ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுதான் உண்டு. பெயர் ஜெசிந்தா. கல்யாண வீடியோவிலிருந்து குறும்படம் வரைக்கும் எதைக் கொண்டுவந்தாலும் சத்தத்தைச் சீர்செய்து கொடுப்பார். வேலை இல்லாத மத்தியானங்களில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள்.

சீடன் பிரான்மலை அவரைவிட மூத்தவன். நாற்பதைத் தாண்டி, மீசையில் நரை விழுந்தபிறகு கற்றுக்கொள்ள வந்தவன். அதற்கு முன்னால் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். ஊரார் வீட்டு விசேஷங்களில் அடுத்தவர் பாட்டை அலறவிட்டு அலறவிட்டு அலுத்துப்போய், ஒரு நாளாவது நம் பாட்டை அலறவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு வயது என்ன கணக்கு?

மாஸ்டர் கூடத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. உள்ளே வந்தவுடன் யாரும் பேசக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். தெருவின் இரைச்சல் காதைவிட்டு இறங்கிய பிறகுதான் வாயைத் திறக்கலாம். இது முதல் சட்டம்.

இரண்டாவது, வெட்டியதை அழிக்கக் கூடாது. ஒரு பதிவிலிருந்து இருமல், செருமல், நாற்காலி இழுக்கிற சத்தம் என்று எதை நறுக்கினாலும், அதைக் கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஓடும் கடைசி வரியில், அதாவது கடைசி டிராக்கில், அதே இடத்துக்கு நேராகப் போட்டு, சத்தம் வராதபடி வாயை மூடி வைத்துவிட வேண்டும். அந்த டிராக்குக்குப் பெயர் குப்பை. ஏன் மாஸ்டர் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. பிரான்மலையும் கேட்டுப் பார்த்தான். பிறகு, சொன்னதைச் செய்துவிட்டுப் போவோம் என்று விட்டுவிட்டான்.

அன்றைக்கு அவன் படியேறி வந்த வேகத்தைப் பார்த்து, பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களே வழிவிட்டார்கள். கையில் போன். முகத்தில் கடுகடுப்பு.

"மாஸ்டர், ஒரு அநியாயம்..."

மாஸ்டர் தரையைக் காட்டினார்.

பிரான்மலை உட்கார்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே டாக்டர் யாருக்கோ பல் குடைகிற சத்தம் லேசாக வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதுவும் அடங்கியது.

"இப்பச் சொல்லுங்க."

"என் பாட்டைத் திருடிட்டாங்க மாஸ்டர்."

"யாரு?"

"யாருதான் திருடல? ஆனா இது வேற. திருடினதும் இல்லாம, என்னைத் திருடன் ஆக்குறா."

அவன் பாட்டு எது என்று மதுரையில் யாரையும் கேட்க வேண்டாம். பூண்டுப் பாட்டு. "பூண்டேய்... மலைப்பூண்டேய்... வாங்கம்மா வாங்க" என்று லோடு ஆட்டோவில் கட்டிய குழாயிலிருந்து ஒரு பெண்குரல் கூவுமே, அதை எடுத்து அவன் தாளம் கட்டினான். இரண்டாவது 'வாங்க'வில் அந்தக் குரல் சட்டென்று குழைந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஏறும். பிரான்மலை அந்த 'வாங்க'வைப் பிடித்துக்கொண்டான். திருப்பித் திருப்பிப் போட்டு, அங்கே மேளத்தை நிறுத்தி, மூச்சுவிடும் நேரம் வெறுமையாக விட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கினான். சடங்கு வீடு, கல்யாண வீடு, காலேஜ் விழா என்று எங்கே பார்த்தாலும், அந்த இடம் வந்தால் ஜனங்கள் ஆடுகிற ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு சாதாரண மைக் செட்டுக்காரனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு என்ன இருக்கிறது? முதல் தடவை அதைப் பார்த்தபோது பிரான்மலை ஒரு மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதான்.

சந்தோஷம் வந்த வழியிலேயே வயிற்றெரிச்சலும் வந்தது. ஒரு டிவி நிகழ்ச்சியில் அவன் பெயரைச் சொல்லாமலே பாட்டைப் போட்டார்கள். ஒரு ஜவுளிக்கடை அதே தாளத்துக்கு 'வேட்டியேய்' என்று விளம்பரம் செய்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? பிரான்மலை வீடியோ தளத்தில் பாட்டைத் தன் பெயரில் பதிவு செய்தான்.

அந்தத் தளத்தில் ஓர் இயந்திர ஏற்பாடு உண்டு. உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தப் பாட்டைப் போட்டாலும் மோப்பம் பிடித்து வந்து சொல்லிவிடும். உங்கள் பாட்டு இங்கே இருக்கிறது, நீக்கவா, விட்டுவிடவா என்று கேட்கும். பிரான்மலை காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டே நீக்கு, நீக்கு என்று அமுக்கிக்கொண்டு போவான். எதையும் திறந்து பார்த்ததில்லை.

அப்படி அமுக்கியதில் ஒன்றுதான் இப்போது திரும்பி வந்து நின்றது.

"தர்ஷினின்னு ஒரு பொண்ணு. தேனிப் பக்கமாம். மருதாணி போடுறதை வீடியோவா போடுறா. என் பாட்டுல இருந்து மேளத்தை எல்லாம் எடுத்துட்டு, குரலை மட்டும் தனியா போட்டிருக்கா. நீக்கிட்டேன். அதுக்கு ஆட்சேபணை எழுதியிருக்கா."

"படிங்க."

பிரான்மலை படித்தான்.

"'சார், இது எங்க அம்மா தவமணி குரல். அம்மா இறந்து ஒரு வருசம் ஆகப்போகுது. அப்பா வண்டியை வித்துட்டாரு, குரல் இருந்த கார்டும் வண்டியோட போயிருச்சு. வேற எங்கயும் இல்ல. அதான் உங்க பாட்டுல இருந்து எடுத்தேன். அம்மா இதைப் பேசும்போது பின்னாடி பேசிக்கிட்டு இருந்ததும் நான்தான். ஏற்கெனவே சினிமாப் பாட்டு போட்டதுக்கு என் சேனல் மேல ரெண்டு புகார் இருக்கு. இதுவும் சேர்ந்தா மூடிருவாங்க. அதை வச்சுத்தான் எனக்கு ஆர்டர் வருது. தயவுசெஞ்சு...'"

அவன் போனைத் தரையில் வைத்தான்.

"இந்த மாதிரி எத்தனை பேர் மாஸ்டர். செத்துப்போன அம்மா, ஆஸ்பத்திரியில அப்பா. ஆளாளுக்கு ஒரு கதை வச்சிருக்காங்க."

"பொய்ங்கிறீங்க."

"சுத்தப் பொய். அதுக்கு அவளே சாட்சி. பின்னாடி பேசினது நான்தான்னு எழுதியிருக்கா பாருங்க. என் பாட்டுல பின்னாடி யார் பேசுறா? ஈ காக்கா கிடையாது."

மாஸ்டர் தரையிலிருந்த போனை எடுத்து, அதைத் தானே ஒரு தடவை படித்துவிட்டு வைத்தார்.

"நான் விட்டுக் கொடுத்திருவேன் மாஸ்டர். ஆனா என் நிலைமை அப்படி இல்ல. சென்னையில ஒரு கம்பெனி பாட்டை வாங்கிக்கிறேங்குது. அடுத்து நாலு பாட்டு என்னையே பண்ணச் சொல்றாங்க. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கான்னா, இதுல உள்ளது எல்லாமே என்னோடதுன்னு நான் கையெழுத்துப் போடணும். ஆட்சேபணை நிக்கிற பாட்டை எவன் வாங்குவான்? மைக் செட்டை வேற தம்பிக்குக் கொடுத்துட்டேன். இதை விட்டா எனக்கு என்ன இருக்கு?"

நாற்பது வயதுக்கு மேல் முளைத்த ஒற்றைச் செடி. அதை ஆடு கடித்தால் யாருக்குத்தான் பதறாது?

"அந்தக் குரல் உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"திருடல. வண்டிக்காரர்கிட்ட வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தாரு. உங்க வண்டிக் குரல் நல்லா இருக்கே, காப்பி பண்ணிக்கவான்னு கேட்டேன். 'எடுத்துக்கங்க சார், குரல்தானே, தேஞ்சா போகப்போகுது'ன்னாரு. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தாரு."

"யார் குரல்னு கேட்டீங்களா?"

"சம்சாரம்னு சொன்ன மாதிரி ஞாபகம்." சொன்னபிறகு அவன் கொஞ்சம் நிதானித்தான். "ஆனா பேரெல்லாம் சொல்லல."

"பாட்டு ஊரெல்லாம் ஓடின பிறகு அவரைப் போய்ப் பார்த்தீங்களா?"

"பார்க்கணும்னுதான் இருந்தேன் மாஸ்டர். வேலை."

மாஸ்டர் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், கலைன்னா எல்லாருக்கும் பொது, எடுத்துத்தான் செய்யணும், வானத்துல இருந்து எதுவும் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அவ எடுத்தப்ப நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் வரலியே."

"அது... அவ சும்மா மேளத்தைத்தானே எடுத்தா. புதுசா என்ன செஞ்சா?"

"நீங்க மேளத்தைச் சேர்த்தீங்க. அவ எடுத்தா. வேலைன்னு பார்த்தா எடுக்கிறதுதான் கஷ்டம்." மாஸ்டர் சிரித்தார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு எங்க அத்தை சொல்லும். போகட்டும். பாட்டோட மூலக் கோப்பைத் திறங்க."

பிரான்மலை பென் டிரைவைச் செருகினான். திரையில் பாட்டு வரிவரியாக விரிந்தது. மேளம் ஒரு வரி, உருமி ஒரு வரி, கைதட்டல் ஒரு வரி, குரல் ஒரு வரி என்று கலர் கலராக ஓடியது.

மாஸ்டர் முதலில் பாட்டை முழுசாகப் போட்டார். அந்த இடம் வந்தது. 'வாங்க' குழைந்து ஏறியது, மேளம் நின்றது. ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாம் இறங்கியது.

"நல்ல காது உங்களுக்கு," என்றார் மாஸ்டர். "தெருவுல தினமும் போற குரல். நானும்தான் கேட்டேன், எனக்குத் தோணலியே. இந்த 'வாங்க'வை நீங்கதான் பிடிச்சீங்க."

பிரான்மலைக்கு முகம் மலர்ந்தது. அதைத்தானே மாஸ்டர் வாயால் கேட்க ஏங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தக் குரல்ல ஏன் அங்க மட்டும் சிரிப்பு வருது?"

"தெரியல மாஸ்டர். அமைஞ்சிருச்சு."

"சரி. கீழே ஒரு டிராக் இருக்கே?"

"குப்பை. நீங்க சொன்னபடி வச்சிருக்கேன்."

"ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

"குப்பையை எதுக்கு மாஸ்டர் கேட்கணும்?"

மாஸ்டர் எல்லா டிராக்குகளையும் வாயடைத்தார். குரலையும் குப்பையையும் மட்டும் விட்டார். "முதல்ல நிமித்துங்க, இழுத்து மடக்கினதை எல்லாம்," என்றார். பிரான்மலை தாளத்துக்காக இழுத்தும் மடக்கியும் வைத்திருந்த குரலை, வண்டிக்காரர் கொடுத்த மாதிரியே நேராக்கினான். வெட்டிய துண்டுகள் கீழே தத்தம் இடத்தில் வந்து பொருந்தின. பத்து நிமிஷ வேலை. மாஸ்டர் பொத்தானை அமுக்கினார்.

முதலில் ஒரு மின்விசிறி கடகடத்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. பாத்திரம் ஒன்று நகர்ந்தது. பிறகு அந்தக் குரல், "பூண்டேய்..."

"பூந்தேய்..." என்றது ஒரு குழந்தை.

பிரான்மலை திரையைப் பார்த்தான். குப்பை டிராக்கில் ஒரு சின்னக் கோடு துடித்து அடங்கியது.

"மலைப்பூண்டேய்..."

"மலப்பூந்தேய்... ம்மா, நான் சொல்றேம்மா. நானு, நானு."

"செத்த இரு தாயி. அம்மா முடிச்சுக்கிறேன்."

"நானும்மா."

"வாங்கம்மா..."

"யாரும்மா வராங்க?"

"...வாங்க!"

அங்கேதான் சிரிப்பு வந்தது. குழந்தை கேட்ட கேள்விக்கு வந்த சிரிப்பு, அடக்க முடியாமல் 'வாங்க'வுக்குள் ஏறிவிட்டது. ஊரே கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும் இடம். பிறகு அந்த அம்மாள் வாய்விட்டே சிரித்தாள். "போதும் அண்ணே, இதையே வச்சுக்கிருவோம். இவ விடமாட்டா தர்ஷினி" என்று சொன்னாள். பதிவு செய்துகொண்டிருந்த யாரோ ஓர் ஆண் சிரித்தார். பதிவு அறுந்தது.

மாஸ்டர் எதையும் அமுக்கவில்லை. கோடு அதுபாட்டுக்கு ஓடி, முடிவில் போய் நின்றது.

பிரான்மலைக்கு நினைவு வந்தது. இந்தத் துண்டுகளை வெட்டிய அன்றைக்கு அவன் கேட்கத்தான் செய்தான். ஏதோ பிள்ளைச் சத்தம் குறுக்கே வருகிறது, பாட்டைக் கெடுக்கிறது என்று சலித்துக்கொண்டு, கோடு எங்கே துடிக்கிறதோ அங்கே பார்த்துப் பார்த்து நறுக்கினான். வெகு சுத்தமாக நறுக்கியிருக்கிறீர்களே என்று மாஸ்டரே அப்போது பாராட்டினார். அந்தப் பிள்ளை சொன்ன ஒரு சொல்கூட அவன் மனதில் நிற்கவில்லை.

அவனுக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

"மாஸ்டர், உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு எழுதியிருந்தாளே."

"நானும்தான் படிச்சேன்."

"படிச்சீங்க."

போன் அடித்தது. சென்னைக் கம்பெனிக்காரர். பிரான்மலை ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், அந்த ஆட்சேபணை என்னாச்சு? நீங்க புகாரை உறுதி பண்ணிட்டீங்கன்னா அந்தச் சேனல் க்ளோஸ். நமக்கு லைன் க்ளியர். நாளைக்கே கையெழுத்து வச்சுக்கலாம்."

"சார், அந்தக் குரல் வந்து... அந்தப் பொண்ணோட அம்மாதான். உண்மைதான்."



"நல்லது சார். ஆனா அதை நீங்க என்கிட்டச் சொல்லல, நான் கேட்கல. எல்லாமே என்னோடதுன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இல்லேன்னா நாங்க வேற பாட்டு பார்த்துக்கிறோம். பூண்டு இல்லாட்டி வெங்காயம்." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு வைத்தார்.

பிரான்மலை போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். போன் திரையில் தளத்தின் கேள்வி அப்படியே நின்றது. கீழே இரண்டு பொத்தான்கள். புகாரை உறுதி செய். புகாரைத் திரும்பப் பெறு.

கீழே யாருக்கோ மறுபடி பல் குடைந்தார்கள்.

"திரும்பப் பெற்றா ஒப்பந்தம் போச்சு. நாலு பாட்டும் போச்சு." அவன் குரல் தணிந்திருந்தது. "டிவிக்காரன் பேரைச் சொல்லாம எடுத்தான். ஜவுளிக்கடைக்காரன் எடுத்தான். அவனுங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கானுங்க மாஸ்டர்? நான் மட்டும் ஏன்?"

"அவங்க இங்க வந்து என்கிட்டக் கேட்கலியே."

அவன் குப்பை டிராக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னச் சின்னத் துண்டுகள், மேலே ஓடும் குரலின் இடுக்குகளில்.

"குரல் அந்த அம்மாவோடது. சிரிப்பு அந்தப் பிள்ளையால வந்தது. உருமி எவனோ வாசிச்சு, காசில்லாம எடுத்துக்கன்னு போட்டு வச்சது. கைதட்டல் என் மச்சினன் கல்யாணத்துல எடுத்தது. நிறுத்தி இறக்குறது நீங்க சொல்லிக்கொடுத்தது." அவன் நிமிர்ந்தான். "அப்ப இந்தப் பாட்டுல என்னோடதுன்னு என்னதான் இருக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இப்ப ரெண்டுல ஒரு பொத்தானை அமுக்கப் போறீங்களே. அது யார்கிட்ட இருந்தும் எடுத்தது இல்ல."